கட்டைவிரல்

கட்டடச் சாரத்திலிருந்து விழுந்த எட்வினுக்கும், பனையிலிருந்து விழுந்த சண்முகையாவுக்கும் ஒரே நாளில்தான் முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். அசைவும் உணர்வும் போன கால்களுக்கான ஆராய்ச்சி அது; அதில் பாதிப் பேருக்குப் புதிய செல்கள், மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில்.

மூன்றாம் மாதம் ஒரு காலையில் எட்வினின் வலது கால் கட்டைவிரல் அசைந்தது. அவன் மறுபடி அசைத்துப் பார்த்தான். வராந்தாவில் சண்முகையாவின் சக்கர நாற்காலிச் சத்தம் கேட்டதும் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டான். டாக்டரிடம் மட்டும் சொன்னான்.

"இன்னிக்கு ஏதாச்சும் தெரியுதாடே?" என்று சண்முகையா தினமும் கேட்பார்.

"எனக்கும் ஒண்ணுமில்லண்ணே."

அந்த 'எனக்கும்' வாயில் கசந்தது. ஆனாலும் மறுநாளும் அதையே சொன்னான்.

பத்தாம் நாள் அவர் கட்டிலருகே வந்து, ஒன்றும் கேட்காமல் போர்வையை விலக்கினார். விரலை அசையாமல் வைத்திருக்கப் பார்த்தான் எட்வின். அது அசைந்துவிட்டது.

"எத்தன நாளாச்சு?"

"பத்து நாள்."

சண்முகையா அந்த விரலை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"பத்து நாளா என்னையப் பத்தி என்னடே நெனச்சிருந்த?"

எட்வினால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் கையின் சூடு விரலில் தெரிந்தது. அதையும் அவன் சொல்லவில்லை.