கை தூக்கும் உறுப்பினர்

தவிசாளர் தீர்மானத்தை வாசித்து முடித்ததும் நான் பார்வையாளர் வரிசையைப் பார்த்தேன். அங்கேதான் என் கணவர் நூஹு ஹாஜியார் உட்கார்ந்திருந்தார்.

பிரதேச சபையில் பெண்களுக்கென்று ஒதுக்கிய ஆசனம் என்னுடையது. புத்தி அவருடையது. அவர் தொப்பியைக் கழற்றினால் நான் கையைத் தூக்க வேண்டும். ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த இரகசியம் இது.

கடற்கரை வீதியில் பெண்கள் போட்டிருக்கும் இடியப்பக் கடைகளை அகற்றிவிட்டு, அந்த நிலத்தைக் கட்டிடம் கட்டும் ஒரு கொந்தராத்துக்காரருக்குக் கொடுப்பதுதான் தீர்மானம். ஆள் என் கணவரின் கூட்டாளி.

அந்தக் கடைகளில் ஒன்று, என்னை ராத்தா என்று கூப்பிடும் என் தங்கை லைலாவுடையது. புருசன் மௌத்தான பிறகு அவளுடைய பிள்ளைகளுக்கு அந்த இடியப்பத் தட்டுதான் சோறு.

சபை சரிபாதியாகப் பிரிந்து நின்றது. என் கைதான் மிச்சம்.

எப்போதும் ஆதரவானவர்களைத்தான் முதலில் கேட்பார்கள். அன்றைக்குத் தவிசாளர் எதிர்ப்பவர்களை முதலில் கேட்டார்.

மின்விசிறி வேலை செய்யவில்லை. கொந்தராத்துக்காரரோடு குசுகுசுத்துக்கொண்டிருந்த என் கணவர் தொப்பியைக் கழற்றி வழுக்கையைத் துடைத்தார்.

நான் கையைத் தூக்கினேன்.

தீர்மானம் தோற்றது. வீடு வந்து சேரும்வரை அவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். மாட்டுக்கு இருக்கிற மூளைகூட எனக்கு இல்லையாம்.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இடியப்பக் கடைப் பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் லைலா, கையில் இனிப்பான வட்டிலாப்பம். வாங்குவதற்கு நான் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அவரிடம் கொடுத்தாள்.

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் மச்சான். நீங்க சொல்லாட்டி ராத்தா கைய உசத்தியிருப்பாவா?"

அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஏழப் பொம்பிளையள்ர வகுத்துல அடிக்க ஏலுமா? நான்தான் தொப்பியக் கழட்டிக் காட்டினன்."

பெண்கள் அழுதழுது அவருக்காக அல்லாஹ்விடம் துஆ கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

அவர் வேர்வைதான் துடைத்தார் என்பது அந்த நேரமே எனக்குத் தெரியும். எதிர்ப்பவர்களைக் கேட்கிறார்கள் என்பதும் நன்றாகத் தெரியும்.

சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த கூட்டத்தில் அதே தீர்மானம் திரும்ப வரும். இத்தனை பேரின் துஆவை வாங்கிக்கொண்ட மனிதர் இனி எந்த முகத்தோடு அதைக் கொண்டுவருவார்?

லைலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஓம், எல்லாம் மச்சான் சொல்லித்தந்ததுதான் என்றேன்.