ரெந்தாரோ குடித்த டீ

"ஒரு ரொட்டி சானாயைப் பிச்சுத் தின்னதுக்கு இத்தனை கூத்தா!"

பொன்னுதுரை எதிர்க்கடையைப் பார்த்துப் பொருமினார். மலாக்காவில், காஜா பெராங் தெருவில் இருந்த அவருடைய டீக்கடையில் ஈ ஓட்டலாம் என்றால் ஈகூட இல்லை. எதிரே ஜமீலாவின் ரொட்டிக்கடை முன் நின்ற வரிசையோ தெருமுனையைத் தொட்டது.

எல்லாம் ரெந்தாரோவால் வந்தது. ஜப்பான் காற்பந்து ஆட்டக்காரன். மலாக்காவுக்குச் சுற்றுலா வந்தவன், போன மாதம் ஜமீலா கடையில் ரொட்டியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்தான். காரம் தாங்காமல் அழுதான், சிரித்தான், இன்னொன்று கேட்டான். அந்தப் பன்னிரண்டு விநாடி வீடியோவை மூன்று மில்லியன் பேர் பார்த்துவிட்டார்கள்.

"இந்த வருஷம் ஒரு கோல்கூட அடிக்கலையாம். அழுதே பேர் வாங்கிட்டான்!" என்றார் மனைவி சாரதாம்பாளிடம். "அவன் படத்தை ஆள் உயரத்துக்கு மாட்டி வச்சிருக்கா அந்த ஜமீலா. விளம்பரப் பைத்தியம்!"

"அவ பொழைப்பை அவ பார்க்கிறா. நம்ம கடையை மாசக் கடைசியில மூடுறோமா இல்லையா, அதைச் சொல்லுங்க."

பொன்னுதுரை காலி மேசையைத் துடைக்கத் தொடங்கினார். இருபத்தாறு வருஷக் கடை.

மறுநாள் காலை நாலு பெண்கள் நீலச் சட்டையில் உள்ளே நுழைந்தார்கள். நாலு முதுகிலும் ரெந்தாரோ பெயர்.

"அங்கிள், ரெந்தாரோ டீ குடிச்சது எந்த மேசையில?"

அவன் இந்த வாசற்படியை மிதித்ததே இல்லை. பொன்னுதுரையும் பொய் பேசாத மனிதர். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"நாலு டீ, நாலு தோசை!" என்றாள் ஒருத்தி.

அவர் விரல் தானாக நீண்டது. "அதோ... அந்த மூலை மேசை."

மதியத்துக்குள் முப்பது பேர். மூலை மேசையோடு படம் எடுக்கத் தள்ளுமுள்ளு. ரெந்தாரோ குடித்த ஒரு டீ, அவர் பேச்சில் சாயங்காலம் மூன்று டீ ஆனது. வார முடிவில், "'சீனி கம்மியா போடுங்க'ன்னு தமிழ்லயே கேட்டான்" என்றார் பொன்னுதுரை.

"அடுத்து அவனுக்குப் பொண்ணு பார்த்துக் கொடுத்ததா சொல்லிடாதீங்க!" என்று அடுப்படியிலிருந்து சாரதாம்பாள் சிரித்தாள். கடையை மூடும் பேச்சு அவள் வாயிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஜொகூரிலிருந்து வந்த ஒரு பெண், டீயை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள். "எதிர்க்கடை ஆண்ட்டி எப்படி, அங்கிள்?"

பொன்னுதுரை குரலைத் தாழ்த்தினார்.

"கெட்டவ இல்லம்மா. ஆனா சுயநலம். வந்த கூட்டமெல்லாம் தனக்கே வேணும். எதிர்ல ஒருத்தன் கடை வச்சிருக்கானேங்கிற நினைப்பே கிடையாது."

அந்தப் பெண் டம்ளரை வைத்துவிட்டு அவரை விழித்துப் பார்த்தாள்.

"என்ன அங்கிள் இப்படிச் சொல்றீங்க? அவங்க கடையில டீ போடுறதையே நிறுத்திட்டாங்க. 'ரெந்தாரோ ரொட்டி தின்னதுதான் இங்கே, டீ குடிச்சது எதிர்க்கடை அண்ணன்கிட்ட'ன்னு எங்க எல்லாரையும் இங்கே அனுப்புறதே அவங்கதானே!"