அவள் கையில் இருந்த சாவி

மத்தியான வெயில் பழைய பிக்கப் வண்டியின் திறந்த பானட்டுக்குள் கொட்டுகிறது. வண்டிக்காரன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைக் கழற்றக் குனிந்திருக்கிறான். அவன் சொன்னபடி மனைவி சாவியை உருவி, உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். “பேட்டரி வயரையும் கழட்டிருங்களேன்.” “இன்ஜினே ஓடல, சாவி உன் கையில. கரண்டு என்ன, ஆகாசத்துல இருந்தா குதிக்கும்?” ஆல்டர்னேட்டரில் மாட்டியிருந்த தடித்த வயரின் நட்டில் ஸ்பேனரை மாட்டி ஓங்கித் திருகுகிறான். கை வழுக்குகிறது. ஸ்பேனரை ஒட்டியிருந்த கல்யாண மோதிரம் இன்ஜின் இரும்பில் படுகிறது. படீரென்று ஒரு நீல வெளிச்சம். வெயிலே ஒரு கணம் மங்கிப்போகிறது. கையை உதறி இழுக்கிறான். மோதிரம் விரலிலேயே தணலாய்ச் சிவந்து, மெல்லக் கறுக்கிறது. தோல் கருகும் வாடை. வாய் பிளந்திருக்கிறது, சத்தம்தான் வரவில்லை. ரேடியேட்டருக்கு வைத்திருந்த தண்ணீரை அவள் அப்படியே அவன் கைமேல் கவிழ்க்கிறாள். சாவியைக் கேட்காமல் பேட்டரியிலிருந்து நேராக ஆல்டர்னேட்டருக்கு வரும் அந்த வயர், ஒன்றும் அறியாததுபோல் கிடக்கிறது. “சாவிய... சாவிய திரும்பப் போட்டியாடி?” குரல் அவனுடையதாகவே இல்லை. அவள் மூடிய கையை அவன் முன் நீட்டுகிறாள். மரத்துப்போன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். சாவி அங்கேயேதான் இருக்கிறது, அதன் பற்கள் அவள் சதையில் பதிந்திருக்கின்றன.