காயாத தரை

உமி மூட்டையைப் பிரிப்பதற்கு முன் பழைய மரத்தூளை அடிவரை வழித்துவிட வேண்டும் என்று எல்லம்மா கோழிக் கொட்டாய்க்குள் குனிந்து நுழைந்தாள்.

மரத்தூள் போட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. பொன்னேரி மரக்கடையிலிருந்து வந்தபோது வெளேரென்று, பிசின் வாசனையோடு இருந்தது. இப்போது கறுத்து ஊறி, மண்வெட்டியில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு வந்தது. எச்சத்தின் காரம் கண்ணை எரித்தது.

அதற்கு முன் மணல் போட்டிருந்தாள். அது ஒரே வாரத்தில் சேறாகிவிட்டது.

நான்கு கோழிகள் செத்துவிட்டன. மிச்சம் இருப்பவை வெளியே வேப்பமர நிழலில் ஒற்றைக் காலில் நின்றன. எல்லாவற்றுக்கும் பாதத்தில் வீக்கம்.

கால்நடை டாக்டர் போனில் சொன்னது ஒன்றுதான். அடியில் ஈரம் இருக்கும்வரை எந்த மருந்தும் வேலை செய்யாது. உமி போட்டுப் பாருங்கள், நாலு விரல் கனத்துக்கு.

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. மழை நின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தகரத்தில் ஓட்டை இல்லை. தண்ணீர்த் தட்டைக்கூட வெளியே எடுத்து வைத்துவிட்டாள்.

மூலையில் இருந்த கடைசித் தூளை அள்ளியபோது அந்த வளையைப் பார்த்தாள்.

கை நுழையும் அளவு. வாயைச் சுற்றிச் சின்னச் சின்ன மண் உருண்டைகள். இன்று காலையில்தான் தள்ளியதுபோல ஈரமாக இருந்தன.

வேறு யாராக இருந்தாலும் எலி என்று நினைத்திருப்பார்கள். எல்லம்மா பன்னிரண்டு வயதிலிருந்து கடல்நீர் கலக்கும் ஏரியில் இறங்கி, கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிறவள். யோசிக்காமல் கையை விட்டாள்.

மணிக்கட்டு போயிற்று. முழங்கை போயிற்று. தோள் தரையில் முட்டியது.

விரல் நுனியில் தண்ணீர் பட்டது.

அவள் அசையவில்லை. அடியில் ஏதோ ஒன்று விரலைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபடி தொட்டது. பழக்கத்தில் கை தானாகவே அதன் முதுகைப் பிடித்து மேலே கொண்டுவந்தது.

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேற்று நண்டு.

புறங்கையை நக்கிப் பார்த்தாள். உப்பு.

ஏரி இங்கிருந்து இருநூறு அடி தள்ளி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அப்படித்தான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் புருஷன் அர்ஜுனன் வண்டியிலிருந்து இரண்டாவது உமி மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அவள் நண்டைத் தூக்கிக் காட்டினாள்.

"கொட்டாய்க்குள்ள வளை இருக்குதுய்யா. அடியில தண்ணி நிக்குது. ஏரித் தண்ணி."

அவன் சிரிப்பான், இல்லை மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிவந்து பார்ப்பான் என்று நினைத்தாள். அவன் இரண்டும் செய்யவில்லை. மூட்டையைச் சத்தமில்லாமல் இறக்கினான். தெருவை ஒருமுறை பார்த்தான். போய் வேலிப் படலைச் சாத்திவிட்டு வந்தான்.

"மெதுவா பேசு. ஊட்டுக்குள்ள மூணு இருக்குது. ஐப்பசியிலயே பாத்தேன். நீ ஏரிக்குப் போனப்புறம் சிமெண்டு வெச்சு அடைச்சேன்."

"எங்க?"

"அடுப்படியில ரெண்டு. புள்ளைங்க படுக்கிற எடத்துல ஒண்ணு."

இரண்டு பெண் குழந்தைகளும் நாலு மாதமாக அந்த இடத்தில்தான் பாய் விரித்துத் தூங்குகின்றன. எல்லம்மாவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது.

"எழுதிக் குடுத்தா ஆபீசருங்க வந்து பாப்பாங்கல்ல?"

"வருவாங்க. போன வருசம் தெக்கால குப்பத்துல இதே மாதிரி தண்ணி ஊறுதுன்னு வந்தாங்கல்ல, டேப்பு வெச்சு அளந்துக்கினு."

அதற்குமேல் அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அளந்து போன மூன்றாம் மாதம் தெற்குக் குப்பத்து ஜனங்களை லாரியில் ஏற்றினார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், கரம்பு நிலத்தில் வரிசையாக கான்கிரீட் வீடுகள். நல்ல தரை. ஒரு சொட்டு ஈரம் வராது. அங்கே ஏரி இல்லை. இறங்கித் தடவினால் கைக்கு எதுவும் அகப்படாது. அந்தக் குப்பத்துப் பெண் ஒருத்தி போன மாதம் இரண்டு பஸ் மாறி வந்து, கரையில் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள்.

எல்லம்மா தன் கைகளைப் பார்த்தாள்.

நண்டைச் சட்டியில் போட்டு மூடினாள். செங்கல் துண்டுகளை வளைக்குள் தள்ளி, மண் போட்டு, குதிகாலால் மிதித்தாள். மிதித்த இடம் கொஞ்சம் அமுங்கி, மெல்ல மேலே வந்தது.

அர்ஜுனன் மூட்டையின் தையலை அறுத்தான். இருவரும் உமியைக் கொட்டினார்கள்.

நாலு விரல் கனத்துக்கு நிரவினாள். அதன்மேல் இன்னொரு நாலு விரல். மூலையில் மட்டும் உமி லேசாக உள்வாங்கியது. அங்கே இன்னொரு கூடை போட்டாள்.

கோழிகள் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தன. ஒன்று கிளறியது. இன்னொன்று படுத்துப் புரண்டு சிறகை உதறியது. வெயில் கம்பிவலை வழியாக விழுந்து, கொட்டாய் முழுக்கப் பொன்னிறமாக இருந்தது. இதைவிடக் காய்ந்த இடம் உலகத்தில் இல்லை என்றுதான் யாருக்கும் தோன்றும்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அனிதா வந்து நின்றாள். அவளிடம் கோழி கிடையாது.

"இன்னாக்கா, உமி போட்டுட்டியா? தரை காஞ்சுச்சா?"

எல்லம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காஞ்சுச்சு அனிதா. சுத்தமா காஞ்சுச்சு."

அனிதா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எங்க ஊட்டுத் தரையும் நல்லாக் காஞ்சுதான்க்கா இருக்குது."

அவள் வீட்டைப் பற்றி எல்லம்மா கேட்கவே இல்லை.