அக்கா வாங்கிக்கொண்டது

கதிரேசனின் ஓயாத பசியையும் பீடி ஏக்கத்தையும் ஆஸ்பத்திரியில் அவன் அக்கா செல்வராணிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன், மனச்சிதைவு மாத்திரையால் அவன் உடம்பு ஊதிக்கொண்டே போனது. நெஞ்சு முழுக்கப் புகை. "கூடப் பொறந்தவங்க வாங்கிக்கிட்டா இவரு பொழைச்சிருவாரு. நோய் மாறாது, ஏக்கம் மட்டுந்தான்" என்றிருந்தார் டாக்டர்.

சில மாதங்களில் அவன் சட்டை தொளதொளத்தது. செல்வராணி சோற்றுப்பானைப் பக்கத்திலேயே நின்று அள்ளி அள்ளித் தின்றாள். பின்வாசலில் உட்கார்ந்து, ஒரு பீடி அணைந்ததும் அடுத்ததை எடுத்தாள்.

"யக்கா, மனசு வச்சா விட முடியாதா?" என்று சிரித்தான் கதிரேசன். வருஷக்கணக்காக அவள் அவனைத் திட்டிய அதே வார்த்தை.

அவள் சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள்: "எனக்கு வேண்டாம்டா. அவன்தான் கேக்கான்."

வீட்டில் வேறு யாருமில்லை. காதுக்குள் கேட்கும் குரலைப் பற்றிக் கதிரேசன் இதையே சொன்னபோதெல்லாம், சாக்குச் சொல்லாதே என்று பீடிக்கட்டைப் பிடுங்கி எறிந்தவள் அவள்.

அவன் சிரிப்பு அடங்கியது. தீக்குச்சியை உரசி அவள் பக்கம் நீட்டினான்.

"குடுத்துரு யக்கா. இல்லன்னா உன் பேரச் சொல்லிக் கூப்பிட ஆரம்பிச்சிருவான்."