பால்கோவாப் பொட்டலம்

கடைசி வாய்ப் பால்கோவா தொண்டையைத் தாண்ட மாட்டேன் என்றது. தங்கச்சாமி ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து அதை உள்ளே தள்ளினார்.

எதிரே நின்று மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்க்கும்போது துப்ப முடியுமா?

யுவராணி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் பில் போடுகிறாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கென்று ஒரு துண்டு கொண்டுவந்தவள் இல்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் கொடுத்துப் பேசுவதே கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு எங்கிருந்துதான் பாசம் பொத்துக்கொண்டு வந்ததோ, போன மாதத்திலிருந்து தினமும் ராஜபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கையில் ஒரு பொட்டலம். அவளே பிரித்து, தட்டில் வைத்து, அவர் தின்று முடிக்கும்வரை நிற்கிறாள்.

தங்கச்சாமிக்கு வேறென்ன வேண்டும்? அவள் கல்லைக் கொடுத்தாலும் தின்பார். மனிதர் பூரித்துப் போயிருந்தார்.

வயிறுதான் ஒத்துவரவில்லை.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் அது பாட்டுக்கு அடங்கிக் கிடக்கும், நிறுத்திவிடக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லி வருஷக்கணக்காகிறது. நோய் அடங்கித்தான் கிடக்கிறது. மாத்திரைதான் ஆளைப் போட்டு உருட்டுகிறது. கண் இமை வீங்கிக்கொள்ளும். நடக்கும்போதே கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும். சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் ஒரு தடவை உட்கார்ந்து எழ வேண்டும். பேண்டேஜ் துணிக் கம்பெனியில் மற்றவர்கள் டீ குடிக்கப் போனால், அவர் துணிக்கட்டின் மேல் சாய்ந்து கண்ணை மூடுவார். தூங்கி எழுந்தால் போகிற அசதியா அது? தூங்கி எழுவதே ஒரு வேலையாக இருந்தது.

இது அவருக்கும் மனைவி வெள்ளத்தாய்க்கும் மட்டும் தெரியும். தெருவுக்குத் தெரிந்த கதை வேறு.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் அவர் வீங்கிய கண்ணோடு கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்ததைப் பக்கத்து வீட்டு மாரீஸ்வரி பார்த்துவிட்டாள். தங்கச்சாமி குடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெருவெல்லாம் பற்றவைத்தாள். வெள்ளத்தாய் சண்டைக்குக் கிளம்பினாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். குடிகாரன் மகளைக் கட்டிக்கொள்ள ஆள் வரும். ரத்தத்தில் சீக்கு என்றால், பிள்ளைக்கும் வருமோ என்று கேட்டு வாசலோடு திரும்பிவிடுவார்கள். இது பரம்பரையாக வராது என்று டாக்டர் சொன்னதை வீடு வீடாகப் போய் யார் சொல்வது?

மகளிடமும் சொல்லவில்லை. அவளுக்கு ரகசியம் எதுவும் மனசில் தங்காது. குடித்தவர் மேல் வாடை அடிக்குமே என்று அவளாவது யோசித்திருக்கலாம். அதற்கு அவர் பக்கத்தில் வந்திருக்க வேண்டும்.

இப்போது வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு போலீஸ்கார மாப்பிள்ளை பேச்சு நடக்கிறது. இந்த நேரம் பார்த்துத்தான் உடம்பு மோசமாகிவிட்டது. மத்தியானம் மாத்திரை போட்டதும் குமட்டுவது பழகிப்போன ஒன்று. இந்த ஒரு மாதமாகச் சாயங்காலமும் குடலைப் பிடுங்குகிறது. இப்படியே போனால் மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து தங்கச்சாமிக்கு நிம்மதி இல்லை. இந்த மாத்திரை கைவிட்டால் அடுத்தது கைகொடுக்கும் என்று என்ன நிச்சயம்? மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவோமோ என்று பயந்து கிடந்தார்.

பால்கோவா இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. வயிறு புரட்டிவிட்டது.

கொல்லைப்புறம் ஓடிப்போய்க் குனிந்தார். யுவராணி பின்னாலேயே வந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அந்தக் கை பட்டதும் அவருக்கு அழுகை முட்டியது.

"வரட்டும்ப்பா, எல்லாம் வரட்டும். வாந்தி வந்தாத்தான் பொடி வேலை செய்யுதுன்னு அர்த்தமாம். பொறவு குடி நினைப்பே வராதாம்."

தங்கச்சாமி நிமிர்ந்தார். வாயைத் துடைக்கவும் மறந்து மகளைப் பார்த்தார். அவள் கையில் இருந்த தட்டைப் பார்த்தார். அதன் ஓரத்தில் கொஞ்சம் பால்கோவா ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு சிரித்தார். மாத்திரை அவரைக் கைவிடவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, நிறுத்த முடியாமல் சிரித்தார். இன்றைக்கும் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து யுவராணியின் முகம் சுருங்கியது.

சத்தம் கேட்டு அடுப்படியிலிருந்து வந்த வெள்ளத்தாய், சொல்ல வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் பார்க்காத மாதிரி இருந்துகொண்டு, பீரோ மேல் இருக்கும் மாத்திரை டப்பாவை எடுத்துவரச் சொன்னார். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

யுவராணி மாத்திரை அட்டையைப் பார்க்கவில்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு. தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனவளை, அவர் துப்பட்டா நுனியைப் பிடித்து நிறுத்தினார். இனிமேல் கொண்டுவராமல் இருந்துவிடுவாளோ என்று அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"ஏட்டி, நாளைக்கும் வாங்கிட்டு வருவைல்லா? வெறும் பால்கோவா."