குதிரையின் நிறம்

"ரிமோட்டைக் குடுங்கண்ணே. டாஸ் போட்டாச்சு."

மணிமாறன் கையை நீட்டினான். ஜான் பீட்டர் ரிமோட்டைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இன்னைக்கு மேட்ச் கிடையாது. தொப்பிக்காரன்தான்."

"வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் லீவு. இந்தியா ஆடுதுண்ணே!"

"நாளைக்கும் ஆடும்."

குவைத்தின் ஃபஹாஹீலில் அந்த அறையில் நான்கு பேர். டிவி எல்லாருக்கும் பொது.

ஓரத்தில் மீரா சாகிப் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். விசாவைக் கேன்சல் பண்ணிவிட்டு ஊருக்கே போகிறார். சாயங்காலம் கார் வந்துவிடும்.

"பாய் கிளம்புற நாள்லகூட இவருக்குத் தன் ஆசைதான் பெருசு" என்று முணுமுணுத்தார் கட்டிலில் படுத்திருந்த பாலகுரு.

ஜான் பீட்டரும் மீரா சாகிப்பும் வேம்பார்க்காரர்கள். சின்ன வயசிலிருந்தே கூட்டாளிகள். அப்போது அவர்கள் தெருவில் ஜான் பீட்டர் வீட்டில் மட்டும்தான் டிவி. கடல் தாண்டி சிலோன் டிவி எடுக்கும். அதில் வாரம் ஒருநாள் குதிரையில் வந்து துப்பாக்கி சுடும் ஒருவனின் தொடர். எல்லாம் இங்கிலீஷ். ஒரு வார்த்தை யாருக்கும் புரியாது, அவன் பெயர்கூட. அதனால் தெருவுக்கே அவன் தொப்பிக்காரன்.

"கடலுக்குப் போறவங்ககூட அன்னைக்கு வலையைத் தொட மாட்டாங்க. எங்கப்பா வாசல் கதவையே கழற்றி வச்சிருவார். மணல்ல உட்கார்ந்து பார்ப்பாங்க" என்று ஜான் பீட்டர் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்.

அவர் கதை சொல்வார். சத்தம் மீரா சாகிப்புடையது. சாப்பாட்டுத் தட்டில் விரல்களால் தட்டினால் குதிரை ஓடும். சாராயக்கடைக் கதவு கிறீச்சிடும். சண்டை முடிந்து தொப்பிக்காரன் தனியே போகும்போது வரும் விசிலை அவர் அடித்தால், அரட்டை அடங்கிவிடும்.

அந்தத் தொடர்தான் இந்த வாரம் யூடியூப்பில் ஜான் பீட்டர் கண்ணில் பட்டிருக்கிறது.

"ஏலே மீரா, கயிற்றை விடு. இங்க வந்து உட்காரு."

"பெட்டி கட்டணும்லே."

"நான் கட்டித் தாரேன். உட்காரு."

படம் ஆரம்பித்தது. ஒரு மலை, கொஞ்சம் இசை. அப்படியே நின்று வட்டம் சுற்றியது. கட்டடமே வைஃபையில் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆண்டவனுக்கே பொறுக்கல" என்று பாலகுரு சிரித்தார்.

ஜான் பீட்டர் தன் போனின் நெட்டை டிவிக்குக் கொடுத்தார். அறைக்குள் சிக்னல் இல்லை. போனோடு வெளியே இரும்புப் படிக்கட்டுக்குப் போனார். கைப்பிடியைத் தொட முடியாத ஜூன் மாத வெயில்.

"தெரியுதாலே?"

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கு... ஆங், தெரியுது! அசையாம நில்லு!"

கதவிடுக்கில் போனைத் தூக்கிப் பிடித்த கை மட்டும் தெரிந்தது.

மணிமாறனுக்குப் பொறுக்கவில்லை. "நம்மளையும் பார்க்க விடாம, அவரும் பார்க்காம! சரியான அடம். பாய், நீங்களாவது சொல்லுங்க. எத்தனையோ தடவை பார்த்ததுதானே? மேட்ச்சைப் போட்டுக்கறோம்."

மலைமேல் தொப்பிக்காரன் வந்து நின்றான். மீரா சாகிப் கையிலிருந்த கயிறு நழுவியது.

"அட... வெள்ளைக் குதிரையா!"

மணிமாறன் சிரித்துவிட்டான். "என்ன பாய், வாராவாரம் பார்த்துட்டு குதிரை என்ன நிறம்னு தெரியாதா?"

"நான் எங்கே பார்த்தேன்?" கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னார். "மாடியில ஏரியல் குழாயை ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டு நின்னாத்தான் படம் நிக்கும். என் கை பட்டா நல்லாத் தெரியும்பாங்க. விட்டுட்டு இறங்கினா அத்தனை பேரும் கத்துவாங்க. மேல சத்தம் மட்டும்தான் வரும்."

பாலகுரு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏலே மீரா, தெரியுதா?" வெளியிலிருந்து குரல்.

"தெரியுதுலே! நல்லாத் தெரியுது!"

மணிமாறன் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனான். ஜான் பீட்டரின் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"போனைக் குடுங்கண்ணே. நான் பிடிக்கிறேன். நீங்க உள்ளே போய்ப் பாருங்க."

ஜான் பீட்டர் கையை இறக்கவில்லை.

"நான் அப்பவே பார்த்துட்டேன்ப்பா."